பச்சை வரிசையில் ஏழு மணி நேரம்

மார்ச் 3

தம்பி,

போன் பண்ணாதே. பண்ணினாலும் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் ஒன்று அழுவேன், இல்லை கத்துவேன். இரண்டையும் பார்ப்பதற்கு என் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது. வாயால் பொய் சொல்வது சுலபம். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

உன் மாமா போய் இருபது நாளாகிறது. ஆம்புலன்சில் அவரோடு வந்தாய். எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தாய். ஆனால் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளே "ஆபீஸ்ல கூப்பிடுறாங்கக்கா" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அன்றைக்கு எனக்குக் கோபப்படத் தெம்பில்லை. இப்போது இருக்கிறது.

நேற்று கம்பெனியிலிருந்து மேலாளர் வீட்டுக்கே வந்தார். என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லை வாசலில் காத்திருந்தபோது ஓட்டுநர் இயற்கையாக மரணமடைந்தார். தமது உடல்நலக் குறைவு பற்றி அவர் நிறுவனத்திடமோ அரசு அலுவலர்களிடமோ வேறு எவரிடமும் தெரிவிக்கவில்லை என்பது கூட்டு விசாரணையில் தெரியவந்துள்ளது. இதை ஏற்கிறேன்." கீழே புள்ளிபுள்ளியாக ஒரு கோடு. அதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

எவரிடமும் தெரிவிக்கவில்லையாம்! யார், உன் மாமாவா? கால் மரத்துப்போனாலே தெருவைக் கூட்டுகிற மனிதர். கொட்டாவி வந்தால்கூட "தாடை பிடிச்சுக்கும் போலிருக்கே" என்று யாரிடமாவது சொல்லாமல் இருக்க மாட்டார். மற்ற ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயரே புலம்பல். அந்த மனிதர் நெஞ்சு அடைக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு செத்தார் என்று எழுதிக்கொண்டு வந்து என்னிடமே கையெழுத்துக் கேட்கிறார்கள்.

இந்தத் திட்டம் தொடங்கிய நாளில் மேடை போட்டு அரசாங்கமும் கம்பெனியும் கைகுலுக்கிக்கொண்டதை நாம் மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். கம்பெனி தன் சரக்கைத் தானே சோதித்து சீல் வைக்கும். சுங்கத்துறை அந்த சீலை நம்பிப் பெட்டியைத் திறக்காமலே பச்சை வரிசையில் எல்லை தாண்ட விடும். மற்ற வண்டிகளுக்கு இரண்டு நாள், நமக்கு இருபது நிமிடம். எங்கள் கம்பெனி முற்றத்தில் சீல் வைக்கிறவள் நான், வண்டி ஓட்டுகிறவர் அவர், எல்லை வாசலில் சுங்க அலுவலர் நீ. "குடும்பமே திட்டத்துல இருக்கே!" என்று சொல்லி நம் மூவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். எவ்வளவு பெருமையாக நின்றோம்.

நீ அங்கே இருக்கிறாய். விசாரிக்க முடியாதது உனக்கு ஒன்றுமில்லை. அவர் யாரிடமாவது சொல்லியிருப்பார். யாரிடம் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதுவரை கையெழுத்து இல்லை.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குட்டி நன்றாகப் பரீட்சை எழுத வேண்டும். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் நான் போன் பண்ணிப் பேசுவது வழக்கம். இந்தத் தடவை நீயே சொல்லிவிடு.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு மாமாவின் வண்டி பச்சை வரிசைக்குள் நுழைந்தது. ஒன்பது இருபதுக்கு வண்டிகளைப் படம் பிடிக்கும் ஸ்கேனர் நின்றுவிட்டது. திட்டம் தொடங்கி ஒன்றரை வருடத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. பொறியாளர் வர வேண்டியிருந்தது, ஓர் உதிரிபாகம் வர வேண்டியிருந்தது. வரிசையில் முப்பத்தொரு வண்டிகள். மாமாவுடையது பன்னிரண்டாவது. நான்கு மணிக்கு ஸ்கேனர் ஓடியது. நான்கு பத்துக்கு அவர் வண்டி மட்டும் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். காவலர் போய்த் தட்டினார்.

ஓட்டுநர் ஏன் இறங்கவில்லை என்று யாராவது உன்னிடம் கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது. சீல் வைத்த வண்டி பச்சை வரிசைக்குள் வந்துவிட்டால் ஓட்டுநர் கீழே கால் வைக்கக் கூடாது. கேபின் கதவு திறந்தால் எங்கள் திரையில் அந்த வண்டி சிவப்பாகிவிடும். சிவப்பானால் அதை ஓரங்கட்டிப் பெட்டி பெட்டியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். போன வருடம் ஓர் ஓட்டுநர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் அவர் வண்டிக்கு அடியில் யாரோ எதையோ கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் துறையும் கம்பெனிகளும் சேர்ந்து உட்கார்ந்து இந்த விதியைப் போட்டார்கள். தப்பான விதி என்று சொல்ல முடியாது.

நான் அன்று வரிசைப் பக்கம் இல்லை. உள்ளே பதிவறையில் இருந்தேன். சொந்தக்காரர் வண்டி வருகிற நாளில் அலுவலர் அந்த வண்டியை நெருங்கக் கூடாது என்பது எங்கள் விதி, உனக்கே தெரியும்.

அக்கா, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடு. போராடி என்ன ஆகப்போகிறது? நீயும் அங்கேயேதான் வேலை செய்ய வேண்டும். போனவர் வரப்போவதில்லை.

உன் தம்பி

*

மார்ச் 15

தம்பி,

இது நீ எழுதிய கடிதமா, உன் ஆபீசில் அச்சடித்து வைத்திருக்கிற கடிதமா? "தப்பான விதி என்று சொல்ல முடியாது." ஏழு மணி நேரம், தம்பி. ஒண்ணுக்குப் போகக்கூட இறங்க முடியாமல் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது நிமிடத்துக்கு என்று போட்ட விதியை ஏழு மணி நேரத்துக்கு நீட்டியிருக்கிறீர்கள். நடுவில் ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரர் வந்தார். உன் மாமாவோடு பத்து வருடம் வண்டி ஓட்டியவர், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாரே, அவர்தான். அன்று பச்சை வரிசையில் உன் மாமாவுக்கு இரண்டு வண்டி பின்னால் நின்றிருக்கிறார். வந்து உட்கார்ந்தவர் டம்ளரை வாயில் வைக்காமலே கையில் பிடித்துக்கொண்டிருந்தார். காப்பி ஆடை கட்டிவிட்டது. பிறகு சொன்னார்:

"மத்தியானம் ஒரு மணி இருக்கும்மா. ஒரு ஆபீசர் வந்து அவர் வண்டிப் படிக்கட்டுல ஏறி நின்னு பேசிட்டிருந்தார். அஞ்சு நிமிஷமாவது இருக்கும்."

"யாரு?"

"முதுகுதான் தெரிஞ்சதும்மா."

"முதுகைப் பாத்தா ஆள் தெரியாதா உங்களுக்கு? தினம் அங்கதானே போறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். "அதை அவரே வந்து சொல்லுவாரும்மா" என்று எழுந்து போய்விட்டார்.

கேட்டாயா? அங்கே ஓர் ஆள் இருந்திருக்கிறான். அந்த ஆளிடம் உன் மாமா சொல்லியிருப்பார். கட்டாயம் சொல்லியிருப்பார். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை மூன்று மணி நேரம் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி அங்கிருந்து பதினைந்து நிமிடம் என்று நீதான் ஒரு முறை சொன்னாய்.

அந்த ஆள் யார் என்று கண்டுபிடி. வேறு எதுவும் எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா

*

மார்ச் 17

அக்கா,

கடிதம் கிடைத்தது. விசாரிக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 27

தம்பி,

பத்து நாளாகிறது. ஒரு முதுகைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா?

மேலாளர் இன்னொரு தடவை கேட்டுவிட்டார். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்கிறார். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள்.

*

மார்ச் 31

அக்கா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன். இதை எழுதி முடித்தவுடன் திரும்பப் படிக்காமல் தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

அந்த முதுகு என்னுடையதுதான்.

உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணாடிக்காரர் பெயர் சொல்லாமல் எழுந்து போனபோதே நீ ஊகித்திருப்பாய். நானே சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாய்.

ஒரு மணிக்கு எங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை. அவரிடம் தண்ணீர் தீர்ந்திருக்கும் என்று ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, விதியை மீறித்தான் போனேன். நல்ல வெயில். ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தார். சட்டை நனைந்திருந்தது. வெயிலால் என்று நினைத்துக்கொண்டேன்.

"வா மச்சான். உங்க மெஷின் செத்துப்போச்சாமே?"

"சரி பண்ணிட்டிருக்காங்க மாமா. ஆள் வந்துட்டார்."

"நானும் செத்துடுவேன் போலிருக்கு. காலையிலேருந்து இந்தத் தோள்பட்டை இழுத்துக்கிட்டே இருக்கு. இப்ப நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன் அக்கா. "யாரு, அக்காவா?" என்று கேட்டேன்.

அவரும் சிரித்தார். பிறகு கேட்டார், "கொஞ்சம் இறங்கி நடக்கட்டுமா? அந்த நிழல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். அஞ்சே நிமிஷம்."

"இறங்கினா செவப்பாயிடும் மாமா. அப்புறம் ரெண்டு நாள் இங்கயே கெடக்கணும்."

"நீ சொன்னா உள்ள இருக்கிறவங்க கேக்க மாட்டாங்களா?"

"நான் சொன்னாத்தான் பிரச்சினையே. சொந்தக்காரனுக்குச் சலுகைன்னு ஆரம்பிச்சுடுவாங்க. நான் இங்க வந்து நிக்கிறதே தப்பு."

"அதுவும் சரிதான். உனக்கெதுக்கு வம்பு."

"இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்க மாமா."

"சரி, சரி. நீ கெளம்பு, யாராவது பாத்துடப் போறாங்க."

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். யாராவது என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார்.

அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று பக்கவாட்டில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புலி வருது, புலி வருது என்று தினமும் சொல்கிறவர், இன்றைக்கும் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். வேறு ஓட்டுநர் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் "இறங்குய்யா, பாத்துக்கலாம்" என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் என் மாமா என்பதால்தான் சொல்லவில்லை.

நாலு மணிக்கு நான் பதிவறையில் திரைக்கு முன்னால் இருந்தேன். வண்டிகள் சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்களாகத் தெரியும். ஒவ்வொன்றாக நகர்ந்தன. பன்னிரண்டாவது கட்டம் நகரவில்லை. பச்சையாகவே நின்றது. காவலர் கதவைத் திறந்த அந்த நிமிடம்தான் சிவப்பானது.

சிவப்பானால் சோதிக்க வேண்டும். அவரை இறக்கித் தரையில் படுக்க வைத்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, அதில் ஏற்றியிருந்த தண்ணீர் மோட்டார் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. உன் சீல் எண்ணும் சரியாக இருந்தது.

விசாரணையில் என்னிடம் கேட்டார்கள். பதிவறையில் இருந்தேன் என்று சொன்னேன். உனக்கும் அதையேதான் எழுதினேன்.

தம்பி

*

ஏப்ரல் 5

படித்தேன். இனிமேல் எழுதாதே.

*

ஏப்ரல் 24

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பதில் வேண்டாம்.

கூட்டு விசாரணைக் குழுவுக்கு நானே மனு கொடுத்து, என் வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் எங்கள் துணை ஆணையரும் உங்கள் கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். தட்டச்சு செய்கிற அம்மா பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அடிங்க" என்றார் துணை ஆணையர்.

முடித்ததும் உங்கள் அதிகாரிதான் ஆரம்பித்தார்.

"குடும்பத்துக்காரங்க ரெண்டு பேர் சாதாரணமாப் பேசிக்கிட்டதுதானே? அதை முறையான கோரிக்கைன்னு எப்படி எடுத்துக்கிறது?"

எங்கள் துணை ஆணையர் தலையாட்டினார். "யோசிச்சுப் பாருங்க. இன்னும் நாப்பது கம்பெனி திட்டத்துல சேரக் காத்திருக்கு. இந்த நேரத்துல எல்லையில ஆள் செத்தான், ஆபீசர் இறங்க விடலைன்னு வந்தா எப்படி இருக்கும்?"

"நான் இறங்க விடலைங்கிறது உண்மை சார்" என்றேன்.

"அந்த விதி நாங்க கேட்டது இல்ல. துறை போட்டது" என்றார் உங்கள் அதிகாரி.

"கம்பெனிங்க கேட்டதாலதான் போட்டோம்" என்றார் எங்கள் ஆள்.

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், ஒரே வண்டியில் தினமும் போகிறவர்கள் மாதிரி. கடைசியில் பழி நின்ற இடம் எது என்று உனக்கே தெரியும்: சொந்தக்காரர் வண்டியை நெருங்கக் கூடாது என்ற விதியை நான் மீறினேன். அது மட்டும்தான் எழுத்தில் இருக்கிற குற்றம். அவரை இறக்கிவிடாதது குற்றமே இல்லை. அதில் நான் விதியைக் காப்பாற்றியிருக்கிறேன்.

வாசல் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது தலைமை அலுவலகத்தில் பழைய கோப்புகள் இருக்கும் கட்டடத்தில் உட்கார்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. மூன்று அலமாரி, ஒரு மின்விசிறி. நாள் முழுக்க யாரும் வருவதில்லை. இதைத் தண்டனை என்று நினைக்காதே. எனக்கு இது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

இரண்டு நல்ல விஷயம் சொல்கிறேன். அந்தக் காகிதத்திலிருந்த "எவரிடமும் தெரிவிக்கவில்லை" என்ற வரியை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இனி அதில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டார்கள். மாமா சொன்னார், கேட்டார் என்பது இப்போது அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. இரண்டாவது, குட்டியின் கணக்குப் பரீட்சை சுலபமாக இருந்ததாகப் பேப்பரில் படித்தேன்.

தம்பி

*

மே 14

தம்பி,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன்.

மார்ச் கடைசியில் நீ எழுதிய கடிதத்தைத் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். குட்டி எடுத்துப் படித்துவிட்டாள். நான் வேலை முடிந்து வந்தபோது கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உன்னைப் பற்றி ஏதாவது கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். அவள் கேட்டது வேறு.

"காலையிலேருந்து தோள் இழுக்குதுன்னு அப்பா சொல்லியிருக்காரே. காலையில உங்கிட்டயும் சொன்னாராம்மா?"

அவளுக்குக் கூர்மையான புத்தி. உன் மாமாவைப் பற்றி நான் உனக்கு எழுதியதையெல்லாம் அவளுக்கும் சொல்லியிருக்கிறேன்: கொட்டாவி வந்தால்கூட சொல்லாமல் இருக்க மாட்டார் என்று. அப்படிப்பட்டவர் காலையில் பெண்டாட்டியிடம் சொல்லாமலா வண்டி ஏறியிருப்பார்?

சொன்னார்.

காலை ஆறேகால். எங்கள் முற்றத்தில் சரக்கு ஏற்றி முடித்தாகிவிட்டது. நான் கதவில் சீலைப் பூட்டி எண்ணைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று இடது தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "இன்னிக்கு என்னவோ சரியில்லை. வேற யாரையாவது அனுப்பச் சொல்லேன்."

எண்ணை ஏற்றிவிட்டால் அது ஓட்டுநர் பெயரோடு சேர்ந்துவிடும். ஆளை மாற்ற வேண்டுமென்றால் சீலை உடைத்து, எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எட்டு மாதமாக ஒரு மாற்றம்கூட இல்லாத முற்றம் எங்களுடையது. சுவரில் அந்த நாட்கணக்கை எழுத ஒரு பலகையே மாட்டியிருக்கிறார்கள். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை, தம்பி. ஒரு பலகை.

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "உங்களுக்கு என்னிக்குத்தான் வலி இல்ல? சீல் போட்டாச்சு. ஏறுங்க."

ஏறினார். போகும்போது வழக்கம்போல் ஹாரன் அடித்தார். நான் அடுத்த வண்டியின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்.

நீ மத்தியானம் ஒரு மணிக்குச் சொன்னதை நான் காலை ஆறேகாலுக்கே சொல்லிவிட்டேன். நீயாவது தண்ணீர் கொண்டுபோனாய்.

இதை மூன்று மாதமாக ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது உண்மைக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். "நிறுவனத்திடமோ" என்று ஒரு சொல் அதில் இருந்தது இல்லையா? அந்த நிறுவனம் அன்று காலை நான்தானே. ஆனால் அது பொய் என்று வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியமில்லை. இன்னொருத்தர் கிடைத்தால் போதும் என்று இருந்தது. யாராவது ஒருத்தன், முகம் தெரியாத ஓர் ஆபீசர். அவனைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். தேடச் சொல்லி உன்னையே அனுப்பினேன். கிடைத்தது நீ.

குட்டியிடம் சொன்னேன். அவள் அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. மூன்றாவது நாள் அப்பாவின் சட்டையைத் துவைத்து, தேய்த்து, அலமாரியில் மாட்டிவிட்டு வந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். என்னை மன்னித்தாளா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

போன வாரம் நானும் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலையில் அவர் சொன்னதை, நான் சொன்னதை. மேலாளர் படித்துவிட்டு "இதெல்லாம் எதுக்கும்மா, உங்க மேலதானே விழும்?" என்றார். விழட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம் சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்றை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏப்ரலில் உன்னை வெறுத்தேன். அது பொய் இல்லை. இப்போதும் அது முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அதுதான் பொய்.

அக்கா

*

மே 20

அக்கா,

படித்தேன். நீ சொன்னதும் நான் சொன்னதும் ஒன்று இல்லை. நீ வீட்டுக்காரரிடம் சலித்துக்கொண்டாய். எந்த வீட்டிலும் தினம் நடப்பது அது. நான் சீருடையில் இருந்தேன். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அந்த நிமிடத்தில் எனக்குத்தான் இருந்தது.

உன் பங்கை என் பங்கோடு ஒப்பிடாதே. எனக்குக் கோபம் வருகிறது.

குட்டி சாப்பிடுகிறாளா? நீ சாப்பிடுகிறாயா?

தம்பி

*

ஜூன் 18

தம்பி,

இருவரும் சாப்பிடுகிறோம். குட்டி கணக்கில் தொண்ணூற்றாறு. "மாமாகிட்ட சொல்லும்மா" என்றாள். சொல்லிவிட்டேன்.

என் மேல் ஒன்றும் விழவில்லை. ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். சீல் வைக்கும் வேலையிலிருந்து என்னை மாற்றி, காலையில் ஓட்டுநர்களை வரிசையில் நிறுத்தி விதிமுறை படித்துச் சொல்லும் வேலையில் போட்டிருக்கிறார்கள். தண்டனையா, இரக்கமா என்று தெரியவில்லை. சுவரில் அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. எண்ணிக்கையை மட்டும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை புதிய சுற்றறிக்கை வந்தது. அரசாங்க முத்திரை ஒரு பக்கம், கம்பெனி முத்திரை மறு பக்கம், நடுவில் இரண்டு கையெழுத்து. நீ சொன்ன அதே இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். எட்டுப் பக்கம். உன் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பிப்ரவரியில் ஏதோ நடந்தது என்றுகூட இல்லை. ஆறாவது பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "பச்சை வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநர், உடல்நலக் குறைவு ஏற்பட்டால், பணியிலுள்ள அலுவலரின் அனுமதி பெற்று வாகனத்தை விட்டு இறங்கலாம்."

அனுமதி பெற்று.

அவர் அதைத்தானே செய்தார், தம்பி? படிக்கட்டில் நின்ற அலுவலரிடம் இறங்கட்டுமா என்று அனுமதிதானே கேட்டார்? நான்கு மாதம் கூடிக் கூடிப் பேசி, உன்னிடமும் என்னிடமும் எழுதி வாங்கி, கடைசியில் அவர் செத்த விதத்தையே விதியாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று நான் வாய்விட்டு அழுதேன். முற்றத்தில், எல்லார் முன்னாலும். பிப்ரவரியில்கூட அப்படி அழவில்லை.

மறுநாள் காலை இருபத்துநாலு ஓட்டுநர்களை நிறுத்தி வைத்துச் சுற்றறிக்கையைப் படித்தேன். ஆறாவது பக்கம் வந்தது. "உடல்நலக் குறைவு ஏற்பட்டால்" வரைக்கும் படித்தேன். பிறகு காகிதத்தைக் கீழே இறக்கிவிட்டு, "உடம்பு முடியலைன்னா இறங்கிடுங்க. யாரையும் கேக்க வேணாம்" என்றேன்.

கண்ணாடிக்காரர் முன்வரிசையில் நின்றிருந்தார். என் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார். சோடாபுட்டியாக இருந்தாலும் அவருக்குப் படிக்க வரும்.

"பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்காம்மா?"

"ஆமா" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "கேட்டுச்சா எல்லாருக்கும்? அம்மா படிச்சது கேட்டுச்சா?" என்று சத்தமாகக் கேட்டார்.

தினமும் அப்படித்தான் படிக்கிறேன். ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறைதானே? வா. வந்தால் நான் பேசுவேனா என்று எனக்கே தெரியாது. குட்டி பேசுவாள். சாப்பாடு இருக்கும். இந்தத் தடவை மறுநாளே கிளம்பாதே.

அக்கா